மீட்டர் குழிக்குள் ஒரு மீன்

பழைய நகரத்தில் அவளை நிஜப் பெயரால் குறிப்பிட்டது அலுவலகச் சம்பளப் பட்டியல் ஒன்றுதான். மற்ற எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துவரும் வேலை. எண்ணூற்று நாற்பது வீடுகள் அவள் பங்கு. தோள்பையில் குழி மூடியைத் தூக்க ஓர் இரும்புக் கொக்கி, கண்ணாடியைத் துடைக்க ஒரு பழைய துணி, ஒரு டார்ச், ஒரு நோட்டு, குழாய்த் தண்ணீரில் குளோரின் சரியாகக் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்துப் புட்டி. பதினாறு வருஷமாக அதே பை, அதே சுற்று.

இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் எண்ணைக் குறித்ததும் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். மீட்டரக்காவால் அது முடியாது. கண்ணில் பட்டதைக் கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் ஏன் உப்புப் பூத்திருக்கிறது? எல்லாத் தெருவும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும்போது இந்த ஒரு தெரு மட்டும் ஏன் நெளிகிறது? வீட்டுக்காரர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, அது அப்படித்தான் என்பார்கள். அந்தப் பதிலை அவள் ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அவள் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், பேச்சைச் செம்புக் கம்பி மாதிரி அளந்து செலவழிக்கிற ஆள். ஊரில் இருக்கிற சுவர் எல்லாம் வரிசையில் நின்று உனக்குப் பதில் சொல்ல வேண்டுமா என்று அவரே ஒரு முறை கேட்டிருக்கிறார்.

ஒரு கோடையில்தான் அது ஆரம்பித்தது. ஆறு மாதமாக ஒரு துளி மழை இல்லை. நெளிந்த தெருவில், புத்தகம் கட்டும் கடையின் மீட்டர் குழியைத் திறந்தாள். உள்ளே முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. கசிவு என்று நினைத்துக் குனிந்து டார்ச் அடித்தாள். மீட்டரின் முள் அசையவில்லை. தண்ணீருக்கு மேலே இருந்த குழாய் மூட்டுகள் காய்ந்து கிடந்தன. ஆனால் தண்ணீருக்குள் ஏதோ அசைந்தது. சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு மீன். உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே முள் தெரிந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் பதறிப்போய் மயக்கமா என்று கேட்டார். இல்லை, உங்கள் குழியில் மீன் இருக்கிறது என்றாள். அவர் அதற்கும் சேர்த்துத் தண்ணீர் கட்டணம் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முறைப்படி புகார் எழுதினாள். குழாய் வேலை பார்க்கும் பிட்டர்கள் இரண்டு பேர் வந்து தோண்டிப் பார்த்துவிட்டுக் குழாயில் ஒரு பழுதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் அதே கதை. மறுபடி தோண்டல், மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாவது புகாரின்போது பிட்டர்கள் அவளைப் பார்த்துத் தூண்டில் எடுத்துவரட்டுமா என்று கேட்டார்கள். அலுவலகமே சிரித்தது. அதன் பிறகு அவள் புகார் எழுதுவதை விட்டாள், பார்ப்பதை விடவில்லை.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரவில்லை என்று கண்டுபிடித்தாள். குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாறும். குழித் தண்ணீர் மாறவில்லை. ஆகவே அது நகராட்சித் தண்ணீர் இல்லை. நாற்றம் இல்லை, நுரை இல்லை, ஆகவே சாக்கடையும் இல்லை. கை வைத்தால் விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ச்சி. வெயிலில் வெந்துகொண்டிருக்கும் தெருவுக்கு அடியில் அவ்வளவு குளிர்ந்த தண்ணீருக்கு என்ன வேலை?

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் சுற்றுத் தெருக்களை வரைந்து, தண்ணீர் நின்ற வீடுகளுக்குப் புள்ளி வைத்தாள். முதல் வருஷம் பதினோரு புள்ளி. இரண்டாவது வருஷ முடிவில் இருபத்தொன்பது. ஒரு நாள் சமையலறை மேசையில் தாளை விரித்து, புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்தாள். கோடு, நகரத்தின் உயரமான பக்கத்திலிருந்த மேட்டுத் தோட்டத்தில் தொடங்கி, நெளிந்த தெருவோடு சேர்ந்து நெளிந்து, பள்ளத்தில் இருந்த சந்தைச் சதுக்கத்தைத் தொட்டு, ஆற்றைப் பார்த்தபடி அங்கேயே நின்றது. தெரு நெளியவில்லை, தெருவுக்கு அடியில் எதுவோ நெளிகிறது, தெரு அதன் கரையில் நடந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, காயில் சுற்று மாதிரி அழகாகத்தான் இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

இது இப்படி இருக்க, நகராட்சிக்குப் பழைய நகரத்தை அழகுபடுத்தும் ஆசை வந்தது. நானூறு வருஷத்து வீடுகள், வளைவு வாசல்கள், மரப் பலகணிகள் எல்லாம் இருந்தும் வெளியூர்க்காரர்கள் அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது நகர்மன்றத்தின் குறை. தெரு முழுக்கப் பளபளக்கும் கல் பதிப்பது, வரிசையாக விளக்குக் கம்பம் நடுவது, சதுக்கத்தின் நடுவில் மின்சார நீரூற்று வைப்பது, இதுதான் பெரிய இன்ஜினியரின் திட்டம். அதில் ஒரே ஒரு சிக்கல். பெரிய மழை பெய்தால் சதுக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றுவிடும். அதற்கு ஒரு வழி சொல்லத்தான் வெளியிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். நிலம், நீர், மரம், கட்டடம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துத் திட்டம் போடுகிற படிப்பு அவளுடையது. பிளான் மேடம் என்று அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பிளான் மேடம் வந்த முதல் வாரம் பழைய வரைபடங்களைக் கேட்டாள். எப்போதோ ஒரு வெள்ளத்தில் எல்லாம் கூழாகிவிட்டன என்றார்கள். அப்படியானால் தெருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். பிட்டர்களில் ஒருவர் விளையாட்டாக, மீட்டர் குழியில் மீன் பிடிக்கிற ஒரு அக்கா இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்றார். பிளான் மேடம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை மீட்டரக்கா பையைத் தோளில் மாட்டும்போது வாசலில் வந்து நின்றாள்.

இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பத்தைந்து இருக்கும். காலண்டர் தாளைப் பார்த்ததும் பிளான் மேடம் பென்சில் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே கடைசி வரை போனாள். பிறகு, இந்தத் தாள் உங்களிடம் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு வருஷம் என்றதும், யாரிடமாவது காட்டினீர்களா என்றாள். காட்டினேன், வீட்டுக்காரர் அழகாக இருக்கிறது என்றார் என்று மீட்டரக்கா சொன்னாள்.

அதிலிருந்து பத்து நாள் இருவரும் ஒன்றாகச் சுற்றினார்கள். மீட்டரக்கா மூடியைத் தூக்குவாள், மற்றவள் ஆழமும் குளிர்ச்சியும் அளப்பாள். இது மண்ணுக்குள் புதைக்கப்பட்ட ஓடையாக இருக்கலாம் என்று பிளான் மேடம் விளக்கினாள். எந்தக் காலத்திலோ இடத்துக்கு ஆசைப்பட்டு மேலே வளைவு கட்டி மூடி, அதன் மேல் வீடும் தெருவும் போட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் இன்னும் தன் பழைய பள்ளத்தைத் தேடித்தான் வருகிறது, உள்ளே போக வாய் இல்லாததால் சதுக்கத்தில் நின்றுவிடுகிறது. அதைத் திறந்துவிட்டால் வெள்ளமும் வடியும், தெருவும் குளிரும், வருகிறவர்களுக்கும் பார்க்க ஒன்று இருக்கும். ஆனால் கோடு சரியாக எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு கல்லையும் அசைக்க முடியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. உயிர்களுக்குக் கெடுதல் செய்யாத ஒரு பச்சைச் சாயம். ஒரு புதன்கிழமை காலை மேட்டுத் தோட்டத்துக்கு அருகிலிருந்த குழியில் அதை ஊற்றினார்கள். பிளான் மேடம் ஆற்றுச் சுவருக்குப் போய்விட்டாள். மீட்டரக்கா புத்தகம் கட்டும் கடையில் காத்திருந்தாள். நாற்பது நிமிடத்தில் குழித் தண்ணீர் இலைப் பச்சையாக மாறியது. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, அப்போது அந்த மீன் நிஜம்தானா என்று கேட்டார். மதியம் மூன்று மணிக்கு ஆற்றுச் சுவரில், செடி மூடிக் கிடந்த ஓர் ஓட்டையிலிருந்து பச்சை வழிந்தது. பிளான் மேடம் ஓடிவந்து சொன்னதும் இரண்டு பெண்களும் நடுத்தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓடை இருக்கிறது, ஓடுகிறது. ஆனால் சதுக்கத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே எந்த வழியாகப் போகிறது என்பது மட்டும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் மீட்டர் எல்லாம் சுவரில் இருந்தன, குழியே கிடையாது. அகலமான கடைத்தெருவுக்கு அடியில்தான் போகும் என்று பிளான் மேடம் ஊகித்தாள்.

அன்று சாயங்காலம் மீட்டரக்கா வீட்டுக்குத் திரும்பினாள். வீடு என்றால் மூன்று அடுக்குக் கட்டடம். கீழே முன்பக்கம் நாத்தனாரின் சலவைக் கடை, பின்பக்கம் மேலே மாடி இல்லாத துணி துவைக்கும் அறை, அதை ஒட்டிக் கணவரின் மோட்டார் பட்டறை. கடைக்கு மேலே மாடியில் இவர்கள் குடியிருந்தார்கள், அதற்கும் மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். நாத்தனார் என்றால் மீட்டரக்காவின் கணவருக்கு அக்கா. கட்டை குட்டையான உருவம், கடைசித் தெரு வரைக்கும் கேட்கும் குரல். அந்தக் குரல் அன்று உச்சத்தில் இருந்தது. துவைக்கும் அறையின் மூலையில், தரைக் கல்லின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துண்டுகளின் ஓரம் எல்லாம் பச்சையாகிவிட்டது. சாயம் போகிற துணியைக் கொண்டுவந்து போட்டது யார் என்று அவர் ஒவ்வொரு வாடிக்கையாளராக நினைவுபடுத்தித் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பழி எதிர்க்கடை டெய்லர் மேல் விழுந்தது.

மீட்டரக்கா அந்தத் துண்டையும் தரைக் கல்லின் இடுக்கில் கசிந்த பச்சைக் கோட்டையும் பார்த்தபடி நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தே கணவருக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பட்டறைக்குள் கூப்பிட்டார்.

"சொல்லாத," என்றார். "இந்தக் கட்டடம் எங்க அப்பா விட்டுட்டுப் போனது. அக்கா இருபத்திரண்டு வருஷமா இதுலதான் பொழைக்கிறாங்க. நீ ஒரு கோடு போட்டா அவங்க அறை போயிடும், என் பட்டறையும் போயிடும்."

 அடுத்த நாள் பிளான் மேடத்திடம் அந்தப் பச்சையைப் பற்றி அவள் சொல்லவில்லை. பிளான் மேடம் வரைபடத்தில் கடைத்தெரு வழியாக ஒரு நேர்கோடு இழுத்தபோது பக்கத்திலேயே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேள்விக்குப் பதில் அவள் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் போனது. கடைத்தெருவில் சோதனைக்குத் தோண்டினார்கள். ஆளுயரத்துக்குத் தோண்டியும் காய்ந்த களிமண்தான் வந்தது. பெரிய இன்ஜினியர் குழியின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மேடத்துக்கு இன்னும் பத்து நாள் தருகிறேன், அதற்குப் பிறகு கல் பதிக்கும் வேலை தொடங்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிளான் மேடம் குழிக்குப் பக்கத்தில் களிமண் ஒட்டிய கையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மீட்டரக்காவைக் குறை சொல்லவில்லை. எங்கே தப்பு பண்ணினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். மீட்டரக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

ஆனால் அவள் பிளான் மேடத்திடம் போகவில்லை. நேராகச் சலவைக் கடைக்குப் போனாள். நாத்தனார் சட்டைக் காலருக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தத் துண்டுல பட்ட பச்சை டெய்லரோடது இல்ல. நான் ஊத்துனது."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மீட்டரக்கா மீனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தோண்டிய குழியைச் சொன்னாள், தன் மூன்று வார மௌனத்தைச் சொன்னாள், கணவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள்.  

"மூணு வாரமா அந்த டெய்லர் மூஞ்சில நான் முழிக்கல," என்றார் நாத்தனார் கடைசியில். "தெருவுல வெச்சுக் கிழிச்சு விட்டிருக்கேன் அவரை. இப்ப நான் போய் என்னன்னு சொல்லுவேன்?" பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மூலையில போட்ட துணி மட்டும் இருபத்திரண்டு வருஷமா ஏன் காயலன்னு எனக்கும் தெரிஞ்சாகணும். கல்லைத் தூக்கிப் பாத்துடலாம்."

தூக்குவதற்குக் கணவரின் உதவி வேண்டியிருந்தது. பெரிய மோட்டார்களைத் தூக்கும் சங்கிலிக் கப்பி அவரிடம்தான் இருந்தது. அவர் மனைவியைப் பார்க்கவே இல்லை. அக்கா சொன்னதற்காகக் கப்பியைக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கல் அசைந்தது. கீழிருந்து குளிர்ந்த காற்று எழுந்து மூன்று பேர் முகத்திலும் அடித்தது. அதோடு ஒரு சத்தம், யாரோ பக்கத்து அறையில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பது மாதிரி. டார்ச் வெளிச்சத்தில் செங்கல் வளைவு தெரிந்தது, தண்ணீரிலிருந்து தரைக் கல் வரை ஊறி ஏறிய ஈரத்தில் இன்னும் பச்சை படிந்திருந்தது. அதன் கீழே அகலமான கல் படிகள் இறங்கிப் போயின. படிகளின் நடுப்பகுதி காலால் தேய்ந்து குழிந்திருந்தது. கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டு தெளிந்த தண்ணீர் ஓடியது.

முதலில் இறங்கியது நாத்தனார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தம்பியின் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகப் போய், தண்ணீரில் கால் வைத்து அப்படியே நின்றார். மேலே வர மனமில்லை. இந்தப் படியில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், என்ன பேசியிருப்பார்கள், இவ்வளவு நல்ல இடத்தை மூட எவனுக்கு மனசு வந்தது என்று கீழேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மீட்டரக்காவின் கணவர் படியின் தேய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர் கோபம் தீரவில்லை. ஆனால் பிளான் மேடத்தை வரச் சொல் என்று அவர்தான் சொன்னார்.

அடுத்த வாரம் நகர்மன்றக் கூட்டத்தில் விஷயம் வந்தது. பெரிய இன்ஜினியர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம் இருந்தது. திறந்த ஓடை நாளைக்கே சாக்கடையாகும், கொசு வரும், பிள்ளைகள் விழும், பதில் சொல்லவேண்டியது நான்தானே என்றார். பிளான் மேடம் படம் காட்டிப் பேசினாள். உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்போது நாத்தனார் எழுந்து, ஒரு கண்ணாடி ஜாடியைத் தலைவர் மேசையில் வைத்தார். உள்ளே தண்ணீரும், அந்தக் கண்ணாடி மீன்கள் மூன்றும்.

"என் அறையை இடிங்கன்னு நானே சொல்றேன்," என்றார். "இடம் போறது எனக்கு. நீங்க கைய மட்டும் தூக்குனா போதும்."

இனாமாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை. கடையை முன்பக்கம் நீட்டிக்கொள்ள அனுமதி, தம்பியின் பட்டறைக்கு வேறு இடம், ஓடையைப் பார்த்தபடி தனக்கு ஒரு ஜன்னல், மூன்றையும் எழுத்தில் கேட்டார். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

வேலை இரண்டரை வருஷம் நடந்தது. முழு ஓடையையும் திறக்க முடியவில்லை. மேலே பள்ளிக்கூடமும் வங்கியும் இருந்ததால் மேற்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்தது. சதுக்கத்திலிருந்து ஆறு வரைக்கும் நானூறு அடி மட்டும் வெயிலைப் பார்த்தது. படிகளைச் சிமெண்ட் தொடாமல் சுண்ணாம்புக் காரையால் ஒட்டினார்கள். பளபளக்கும் கல்லுக்குப் பதிலாக, பழைய கற்களையே இடைவெளி விட்டுப் பதித்து, நடுவில் புல் முளைக்க விட்டார்கள். மேட்டுத் தெருக்களின் ஓரத்தில் பள்ளமான பாத்திகள் வெட்டி, மழைத் தண்ணீர் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்கும்படி செய்தார்கள். ஆற்றை ஒட்டிய கடைக்கோடியில் பதினேழு வீட்டுச் சமையலறைக் கழிவு திருட்டுத்தனமாக ஓடையில் கலந்துகொண்டிருந்தது தெரியவந்தது. யார் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று மீட்டரக்காவுக்கு அத்துப்படி. அவள் வீடு வீடாகப் போய்ப் பக்குவமாகப் பேசி ஒவ்வொன்றையும் மாற்ற வைத்தாள். கரையில் கோரையும் நாணலும் நட்டார்கள். அழுக்கை அவை வேரிலேயே பிடித்துக்கொள்ளும் என்று பிளான் மேடம் சொன்னதை மீட்டரக்கா நம்பவில்லை. மேலே ஒரு புட்டி, கீழே ஒரு புட்டி தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஓடை திறந்த முதல் வருஷம் இன்ஜினியர் சொன்ன மாதிரியே கொசு வந்தது. சாயங்காலம் அவள் தெருவில் நடந்தால் ஜன்னலிலிருந்து வசவு விழுந்தது. மீன் பெருகி, தட்டான்பூச்சிகள் வந்த பிறகுதான் அது அடங்கியது. கணவரின் பட்டறை இருபது நிமிட நடைத் தூரத்துக்குப் போய்விட்டது. ஒரு வருஷம் அவர் அவளிடம் தேவைக்குக்கூடப் பேசவில்லை. ஏற்கெனவே குறைவாகப் பேசுகிறவர் என்பதால் அதைப் புரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. தெருவுக்கு மவுசு கூடி வாடகை ஏறியதில், எதிர்வரிசையில் இருபது வருஷம் குடியிருந்த ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போனது. அந்த வீட்டு அம்மா போகும்போது, நல்லதுதான் பண்ணினாய், ஆனால் எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மீட்டரக்கா பிளான் மேடத்திடம் சண்டை போட்டு, இனி பழைய குடித்தனக்காரர்களின் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்று திட்டத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தாள். போன குடும்பத்துக்கு அது உதவவில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. ஊரே சதுக்கத்தில் குடை பிடித்து நின்றது. தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது, நின்றது, பிறகு ஓடைப் பக்கம் திரும்பி ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. பெரிய இன்ஜினியர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.  அடுத்த வருஷம் வேறொரு சதுக்கத்துக்கு அதே மாதிரி பாத்தி வெட்ட அவரே கோப்பு எழுதினார்.

பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள். சுற்றுலா நடத்துகிற ஒருவர் வண்ண விளக்கு போட்டுப் படகு விடலாம் என்று யோசனை சொன்னார். முழங்கால் ஆழத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நாத்தனார் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. விளக்கு போட்டால் மீன் முட்டையிடாது என்று பிளான் மேடம் அதையும் தடுத்தாள். ஓடையைச் சுற்றிக்காட்டும் நடை வாரம் இரண்டு, ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர், வீட்டு ஜன்னல்களைப் படம் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் ஏற்பாடு. கூட்டிப்போகிறவர்கள் எல்லோரும் அந்தத் தெருக்காரர்கள். சனிக்கிழமை நடை மீட்டரக்காவுடையது. அவள் எந்த வருஷம் யார் கட்டினார்கள் என்று ஒப்பிக்க மாட்டாள். புத்தகம் கட்டும் கடையில் மூடியைத் தூக்கிக் காட்டி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சொல்லுங்கள் பார்க்கலாம் என்பாள். வந்தவர்கள் குனிவார்கள், மோந்து பார்ப்பார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். தவறாகச் சொல்கிறவர்களை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் என்று அவர்களோடு சேர்ந்துகொள்வாள்.

திறந்து நாலாவது வருஷம், மழை முடிந்த மாதத்திலேயே ஓடையில் தண்ணீர் மட்டம் இறங்கியது. தினமும் காலையில் கரையிலிருந்த அளவுக் கம்பத்தைப் பார்ப்பது அவள் பழக்கம். பத்து நாளில் நாலு விரல் குறைந்திருந்தது. பாத்திகளைப் பார்த்தாள், அடைப்பு இல்லை. மேட்டுத் தோட்டம் வரைக்கும் ஒவ்வொரு குழியாகத் திறந்துகொண்டே போனாள். தோட்டத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு விடுதி எழுந்திருந்தது, ஓடையைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்காகவே கட்டியது. பின்பக்கத்தில் ஆழ்துளைக் குழாயில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை வைத்தே, மணிக்கு எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்று அவள் கணவர் சொல்லிவிட்டார்.

விடுதிக்காரர் நல்ல மனிதர்தான். தன் நிலத்தில் தான் போட்ட குழாய்க்கும் கால் மைல் தள்ளி ஓடுகிற ஓடைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அவள் வாதம் செய்யவில்லை. மூன்று நாள் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் சம்மதித்தார். நாலாவது நாள் காலை அவரையே கம்பத்துக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் ஒரு விரல் ஏறியிருந்தது. அவர் குனிந்து, கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் கூரைத் தண்ணீர் முழுவதையும் மண்ணுக்குள் இறக்கவும், தோட்டத்துக்குக் குளியல் தண்ணீரைச் சுத்தம் செய்து பாய்ச்சவும் ஒத்துக்கொண்டார். வேறு ஊரில் வேலை செய்துகொண்டிருந்த பிளான் மேடம், புதிதாகக் கட்டும் எல்லா விடுதிக்கும் அதையே விதியாக எழுதி அனுப்பினாள். மன்றம் இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு தண்ணீர் பழைய அளவுக்கு வந்தது. நாத்தனார் தன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, இனியாவது நிம்மதியாக இருப்பாயா என்று கேட்டார். அளவு சரியாகிவிட்டது அண்ணி, ஆனால் இந்த வாரம் படியோரத்தில் இதுவரைக்கும் பார்க்காத ஒரு நத்தை ஏறியிருக்கிறது என்றாள் மீட்டரக்கா. நாத்தனார் எட்டிப் பார்த்து, எங்கே என்று கேட்டார். பிறகு கடையை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.